மூன்றாவது மணி

நேரத்துக்கு வராதவர்களை எனக்கு ஆகவே ஆகாது. முகூர்த்தம் முடிந்து பந்திக்கு மட்டும் வந்து நிற்கிற சொந்தக்காரர்கள், அஞ்சே நிமிஷம் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி கழித்து வருகிற சிநேகிதிகள், எல்லோரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குணத்தாலேயே கல்லூரியில் எனக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்த நான்கு வருஷமும் ஹாஸ்டல் டே நாடகத்துக்கு மணி அடித்தவள் நான்தான். நடிப்பு வராது, பாட்டு வராது. ஆனால் மூன்று மணி அடித்துத் திரையைத் தூக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. முதல் மணிக்குச் சனம் வந்து உட்கார வேண்டும். இரண்டாவது மணிக்குப் பேச்சு அடங்க வேண்டும். மூன்றாவது மணி அடித்தால் மேடையில் ஆள் நிற்க வேண்டும். ஆள் தயாராக இல்லாமல் மூன்றாவது மணியை அடிக்கவே கூடாது. அடித்துவிட்டு வெறும் மேடையைக் காட்டுவதைப் போல அவமானம் வேறில்லை என்று அப்போது நம்பினேன். இப்போதும் அப்படித்தான்.

இந்த வித்தை டெக்சாஸில் போய் எனக்குக் கை கொடுக்கும் என்று யார் கண்டது.

தொண்ணூறுகளின் கடைசி. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் கிறுக்குப் பிடித்துவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தைச் சரிசெய்வதற்காக விமானம் ஏறிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் நான் முதலில் போவது என்று முடிவானது. கணவர் ஈரோட்டில் பேங்க் ஆபீசர். பேங்க் வேலையை யாராவது விடுவார்களா? நீண்ட லீவு போட்டுக்கொண்டு மகளோடு பின்னால் வருவார் என்பது ஏற்பாடு. மகளுக்கு அப்போது நான்கு வயது. நாலே மாசம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் குழந்தையை விட்டுவிட்டுப் போகவில்லை.

நவம்பரில் டாலஸுக்குப் பக்கத்தில் இர்விங்கில் இறங்கினேன். லாஸ் கொலினாஸில் ஆபீஸ், பத்து நிமிஷ டிரைவில் அப்பார்ட்மென்ட். ஒரு மெத்தை, ஒரு குக்கர், ஒரு டெலிபோன். டிவி வாங்கவில்லை. நான்கு மாதத்துக்கு எதற்கு என்று நினைத்தேன். வாரநாட்கள் பழைய புரோகிராம்களில் தேதியைத் தேடித் தேடியே ஓடிவிடும். சனியும் ஞாயிறும்தான் கடிக்க வரும். துணி துவைத்து, சாம்பார் வைத்து, பார்க்கிங் லாட்டில் நிற்கிற கார்களை ஜன்னல் வழியாகப் பார்த்து முடித்தால் மணி பதினொன்று ஆகியிருக்கும். மீதி நாளை என்ன செய்வது?

நேரம் பார்க்க என்னிடம் ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அப்பா வாங்கித் தந்த, சாவி கொடுத்து ஓட வைக்கிற ரிஸ்ட் வாட்ச். அது ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாற்ற மனம் வரவில்லை. மாற்ற அவசியமும் இருக்கவில்லை. நான் வந்து இறங்கிய பருவத்தில் ஈரோட்டு நேரத்தோடு அரை மணியைக் கூட்டிப் பகலை இரவாக்கிக்கொண்டால் டெக்சாஸ் நேரம் வந்துவிடும். அங்கே சாயந்தரம் ஏழு என்றால் இங்கே காலை ஏழரை. இதைவிட எளிதான கணக்கு உண்டா? வாட்சைப் பார்த்தால் முதலில் மகள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று தெரியும்; அப்புறம் அரை மணியைக் கூட்டி மீட்டிங்குக்குப் போவேன். ஆபீசில் ஒரு நாள்கூட நான் லேட்டாகப் போனதில்லை.

எங்கள் வீட்டுக்கு அப்போது போன் கனெக்‌ஷன் வந்திருக்கவில்லை. எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் இருந்தது. அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் ஏழு மணி வரை டியூஷன் எடுப்பார். ஹால் முழுக்கப் பிள்ளைகள். அதனால் சரியாக ஏழு மணிக்குக் கணவரும் மகளும் அங்கே போய் உட்காருவார்கள். எனக்கு ஞாயிறு காலை ஏழரை. வாரத்தில் அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் மீதி நாட்களெல்லாம்.

முதலிரண்டு மாதம் மகள் போனில் அழுதாள். அப்புறம் ஸ்கூல் கதை சொன்னாள். பொங்கலுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். கோபமாகக்கூட இல்லை. ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்வாள், மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும்.

“பேசு அம்மிணி. அம்மா அங்கிருந்து காசு போட்டுப் பேசறாங்கல்ல” என்று கணவர் பின்னாலிருந்து சொல்வார்.

“ஏனுங்க, காசப் பத்தி அவகிட்ட எதுக்குப் பேசறீங்க?” என்று நான் சீறுவேன். எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு அவள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் இதே கதை. நாலு மாசம் தாண்டியும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுடைய குரல் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடுமோ என்று பயந்தேன். பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன். தனியாக இருக்கிற அப்பார்ட்மென்டில் யாருக்குக் கேட்டுவிடும் என்று தண்ணீரைத் திறந்தேனோ தெரியவில்லை.

ஆபீசில் என் பக்கத்து க்யூபிக்கிளில் ஐம்பத்தைந்து வயது அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இருந்தார். வேலையில் கெட்டிக்காரர். வாரநாட்களில் சாம்பல் நிறக் கோட்டும் கண்ணாடியுமாக இருப்பார். வாரக்கடைசியில் டல்சிமர் வாசிப்பார். நம் சந்தூருக்கு அக்கா முறை என்று வைத்துக்கொள்ளலாம். கம்பிகள் கட்டிய பெட்டியைச் சின்னச் சுத்தியல்களால் தட்டி வாசிப்பது. ஒரு திங்கட்கிழமை என் கண்ணைப் பார்த்துவிட்டு, சனி ஞாயிறில் என்ன செய்தாய் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை என்றேன். எங்கள் திருவிழாவுக்கு வா, ஒரு மேடைக்கு ஆள் வேண்டும் என்றார். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு என்றார். வேறு இடத்தில் சம்பளம் வாங்க அனுமதிக்காத என் விசாவுக்கு அதுதான் சௌகரியம்.

அந்தத் திருவிழாவைத் தமிழில் மறுமலர்ச்சி விழா என்று சொன்னால் ஏதோ கட்சி மாநாடு போல ஆகிவிடும். டாலஸுக்குத் தெற்கே முக்கால் மணி நேர டிரைவில், ஓக் மரங்களுக்கு நடுவே, நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கிராமம் ஒன்றை மரத்தாலும் சுண்ணாம்பாலும் கட்டி வைத்திருந்தார்கள். வருஷத்தில் எட்டு வாரக்கடைசிகள் மட்டும் அதற்கு உயிர் வரும். ஏப்ரலில் ஆரம்பித்து மே கடைசியில் முடிந்துவிடும். ராஜா, ராணி, ஈட்டிக் குதிரைக்காரர்கள், பிச்சைக்காரர்கள், பருந்து பிடித்த ஆள், எல்லோரும் வேஷம் போட்டுக்கொண்டு நிஜம் போலவே திரிவார்கள். வார நாட்களில் அவர்கள் நர்ஸும் பிளம்பரும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டும்தான்.

என் உடையைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. முன்னால் நாடா கட்டி இறுக்குகிற சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். மூச்சு முட்டியது. நான் சுங்குடிச் சேலையில் வருகிறேன் என்றேன். கூடிப் பேசி, கப்பலில் வந்த மிளகு வியாபாரியின் மனைவி என்று எனக்கு ஒரு வேஷம் ஒதுக்கினார்கள். வியாபாரி எங்கே என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். ஈரோட்டில் லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பேன். புரியாவிட்டாலும் சிரிப்பார்கள்.

எனக்குக் கிடைத்தது இருப்பதிலேயே சின்ன மேடை. மரப்பலகை மேடை, பின்னால் ஒரு பழுப்புத் திரை, முன்னால் பத்துப் பன்னிரண்டு பெஞ்சுகள், பெஞ்சு போதாத இடத்தில் வைக்கோல் கட்டுகள். டல்சிமர் அம்மாள், நாலு பெண்கள் சேர்ந்து பாடுகிற குழு, கத்தி வீசிப் பிடிக்கிற அண்ணன் தம்பி, அப்புறம் மறுபடி டல்சிமர் என்று நாள் முழுக்க அரை அரை மணி நேரக் காட்சிகள். காலையில் பெஞ்சுகளின் பனியைத் துடைப்பது, பலகையில் நிகழ்ச்சி நிரலை எழுதுவது, நேரத்தைப் பார்த்துக்கொள்வது, நேரம் முடியப் போகிறவர்களுக்குக் கூட்டத்தின் பின்னாலிருந்து சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டுவது, இதெல்லாம் என் வேலை. அந்தக் காலத்தில் ரிஸ்ட் வாட்ச் ஏது? யாரும் கையில் கட்டக்கூடாது என்று சட்டம். என் வாட்சைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதுவரை அங்கே நிகழ்ச்சி ஆரம்பிப்பதை யாராவது கத்திச் சொல்வது வழக்கம். எனக்குக் கத்த வராது. சாமான் பெட்டியின் அடியில் கைப்பிடி வைத்த பித்தளை மணி ஒன்று கறுத்துக் கிடந்தது. அதை எடுத்து எங்கள் ஹாஸ்டல் முறையை அங்கே ஆரம்பித்துவைத்தேன். முதல் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பக்கத்து மேடைக் கூட்டம்கூட என் இரண்டாவது மணிக்கு வாயை மூடியது. கத்தி அண்ணன் தம்பி மட்டும் அடங்கவில்லை. சிவப்புத் துணியைத் தூக்கினால், அதோ ஒரு சீமாட்டி என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று அண்ணன் ஆரம்பித்துவிடுவான். பொறுத்துப் பார்த்தேன். பத்து நிமிஷம் தாண்டியதும் அடுத்தவர்களுக்கான முதல் மணியை அடித்துவிட்டேன். இறங்கி வந்து ஏதோ சாக்குச் சொன்னார்கள். “சாக்கு எல்லாம் வேண்டாம், நேரம் வேண்டும்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். டல்சிமர் அம்மாள் திரைக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று மாலை மணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது.

மறுநாள் ஞாயிறு. வாட்சில் ஏழு ஆனதும் ஈரோட்டுக்கு போன் போட்டேன். வழக்கம் போல மகளின் மூச்சுச் சத்தம். நானும் ஏதேதோ கேட்டேன். சாப்பிட்டியா சாமி, ஸ்கூல்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க. போன் பக்கத்தில் மணி இருந்தது. எதற்கென்றே தெரியாமல் அதை எடுத்து ஒரு முறை ஆட்டினேன்.

“ஐஸ்காரனாம்மா?”

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். எங்கள் தெருவில் குச்சி ஐஸ் வண்டிக்காரர் மணியை ஆட்டிக்கொண்டு வருவார். சத்தம் கேட்டால் அவள் எந்த வேலையையும் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

“ஐஸ்காரன் இல்ல சாமி. இது அம்மாவோட மணி. அம்மா இங்க ஒரு மேடைல மணி அடிக்கறேன்.”

“எதுக்கு?”

சொன்னேன். முதல் மணி அடித்தால் எல்லோரும் வந்து உட்காருவார்கள், இரண்டாவது மணிக்குக் கப்சிப், மூன்றாவது மணிக்கு ஆள் வந்துவிடும் என்று சொன்னேன்.

“ஆரு வருவாங்க?”

“யாருக்காக எல்லாரும் காத்துட்டு இருக்காங்களோ, அவங்க.”

ராஜா இருக்கிறாரா, ராஜாவுக்குக் குதிரை இருக்கிறதா, குதிரை கடிக்குமா என்று கேட்டுக்கொண்டே போனாள். கணவர் ரிசீவரை வாங்கி, “என்ன பண்ணுன? நம்ம புள்ளையா இது?” என்றார். இருவருக்குமே சிரிப்பு. கல்யாணமான புதிதில் போலச் சிரித்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் சேலையைக் கட்டி, மணியை மடியில் வைத்துக்கொண்டு காரை விரட்டினேன். ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பார்க்கிங்கில் வாட்சைப் பார்த்தேன். ஊரில் எட்டேகால். அரை மணியைக் கூட்டினால் எட்டே முக்கால். கால் மணி முன்னாடியே வந்துவிட்டேன் என்ற பெருமையோடு உள்ளே நடந்தேன்.

பெஞ்சுகளில் பனி காய்ந்தே போயிருந்தது. டல்சிமர் அம்மாள், அந்த வயதில், தன் கனமான பெட்டியைத் தானே மேடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பலகையில் சனிக்கிழமை நிரலே இருந்தது. மேடைகளுக்கெல்லாம் பொறுப்பான ஆள், தொப்பியில் இறகு செருகி, இடுப்பில் கைவைத்து நின்றார். வார நாட்களில் அவர் ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். வாத்தியார்கள் கேட்கிற மாதிரியே கேட்டார்: “மணி என்ன?”

“எட்டே முக்கால்” என்றேன் நிமிர்ந்து.

“ஒன்பதே முக்கால்.”

அன்று விடியற்காலையில் அந்த நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறது. வருஷா வருஷம் வசந்தத்தில் செய்வார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாரிடம் சொல்வார்கள்? சூரியனையா திருப்பி வைக்க முடியும், அது பாட்டுக்கு வருகிறது, அதற்கு எதற்குக் கடிகாரத்தை நகர்த்துவது என்று சண்டை போடத்தான் தோன்றியது. ஆனால் பெஞ்சைத் துடைக்காத மேடையும், மூச்சு வாங்குகிற அந்த அம்மாளும் கண்முன்னால் இருந்தார்கள். ஓடிப்போய்ப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தேன். கத்தித் தம்பி மட்டும் பக்கத்தில் வந்து, “சாக்கு வேண்டாம், நேரம் வேண்டும்” என்று என் உச்சரிப்பிலேயே சொல்லிவிட்டுப் போனான். வேண்டியதுதான் எனக்கு.

கெமிஸ்ட்ரி வாத்தியார் என் வாட்சை வாங்கிப் பார்த்தார். இது எந்த ஊர் நேரம் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் தணிந்தார். ஆனாலும் விடவில்லை. இன்னொரு நாள் ஒன்பதைத் தாண்டி வந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன், இந்த வாட்சைத் திருத்து என்றார். மேடை இல்லையென்றால் மகளுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? அங்கேயே, திரைக்குப் பின்னால் நின்று, குமிழை இழுத்து முள்ளைத் திருப்பினேன். ஒன்றரை மணி தூரம்தான் அந்த முள் போனது. இத்தனை நாளாக வாட்சில் இருந்த என் வீட்டை நானே வெளியே அனுப்பிவிட்டேன் என்று இருந்தது. அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் முதல் மணியை அடித்தேன்.

புதிய நேரத்தில் ஒரு சிக்கல். ஈரோட்டு ஏழு மணி இப்போது எங்களுக்கு எட்டரை. வீட்டிலிருந்து பேசிவிட்டுக் கிளம்பினால் ஒன்பதுக்கு மேடைக்குப் போக முடியாது. டீச்சரின் டியூஷனையும் மாற்ற முடியாது. எனவே அடுத்த ஞாயிற்றிலிருந்து திருவிழாவின் பின்வாசலில் இருந்த பே போனிலிருந்து, காலிங் கார்டைச் சுரண்டி நம்பர் போட்டுப் பேச ஆரம்பித்தேன். ஒரு கையில் ரிசீவர், ஒரு கையில் மணி, சுங்குடிச் சேலை. பின்னால் இரும்புக் கவசம் போட்ட ஆசாமிகள் தங்கள் கேர்ள் ஃபிரெண்டுகளுக்கு போன் பண்ண வரிசையில் நிற்பார்கள். இரண்டாவது வாரம் அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எட்டரையிலிருந்து எட்டே முக்கால் வரை அந்த போன் பக்கமே யாரும் வரமாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல எனக்கு அமெரிக்காவில் வேறு நாட்கள் வாய்க்கவில்லை. ஒரு வாரம் குதிரையைக் கேட்டாள். குதிரைக்காரர் குதிரையைப் பே போன் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து நிறுத்தினார். அது கனைக்க மாட்டேன் என்றது, அவரே கனைத்தார். ஒரு வாரம் ராஜா பேசினார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “ராஜா தமிழ் படிக்கலையாம்மா?” என்றாள். வாரம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து அடுத்த ஞாயிறு அவளுக்கு என்ன சொல்வது என்று சேர்த்து வைப்பேன். வெயில் ஏறிய வைக்கோல் வாசனை, வெங்காயம் வதக்குகிற வாசனை, டல்சிமரின் சத்தம், இதையெல்லாம் என் கண்ணால் பார்க்காமல் அவள் கண்ணால்தான் பார்த்தேன். இன்றும் எங்காவது வைக்கோல் வாசனை வந்தால் ரிசீவரைப் பிடிக்கிற மாதிரி கை காதுக்குப் போய்விடுகிறது.

ஒவ்வொரு வாரமும் பேசி முடிக்கும்போது மணியைக் கேட்பாள். ஒன்று அடிப்பேன். அப்புறம் இரண்டாவது.

“மூணாவது?”

“மூணாவது அடிச்சா ஆள் வந்துடணும் சாமி. சும்மா அடிக்கக் கூடாது.”

“நீ எப்ப வருவ?”

“நீதான் இங்க வரப்போற. அப்பாவுக்கு லீவு கிடைச்சதும்.”

“நீ வா.”

“சரி, பாக்கலாம். இப்ப ரெண்டு மணி போதும்.”

பாக்கலாம் என்று ஏன் சொன்னேன்? போனை வைக்க மனமில்லாதவர்கள் சொல்கிற வார்த்தை அது. குழந்தை அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை.

மே மாதக் கடைசி ஞாயிறு. அதோடு திருவிழா முடிகிறது. ஜூனில் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள் என்று நான் இரண்டு பெட்ரூம் அப்பார்ட்மென்ட் பார்த்து வைத்திருந்தேன். அவளுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டில்கூட. எட்டரைக்கு போன் போட்டேன். முதலில் கணவர் எடுத்தார். குரலிலேயே தெரிந்தது.

“லீவு சாங்ஷன் ஆகல. இந்த மேனேஜர் மாத்தலாகிப் போறாரு. புதுசா வர்றவரு பாத்துத்தான் போடணும்கறாங்க.”

“எப்பங்க ஆகும்?”

“டிசம்பர் ஆயிடும் போலத் தெரியுது.”

“டிசம்பரா? நாலு மாசம்னு சொல்லித்தானுங்க அனுப்புனீங்க?”

“நானா சாங்ஷன் பண்றேன்? கத்தாத. புள்ள நிக்கறா.”

பின்னால் ஈட்டிக்காரர்கள் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்தார்கள். மகள் ரிசீவரை வாங்கினாள். எதையும் கேட்கவில்லை. குதிரையைக் கேட்கவில்லை, ராஜாவைக் கேட்கவில்லை.

“மணி அடிம்மா.”

அடித்தேன்.

“ரெண்டாவது.”

அடித்தேன்.

“மூணாவது.”

“சாமி, அது வந்து...”

“மூணாவது அடி.” குரல் உடைந்துவிட்டது. “அடிம்மா.”

டிசம்பர் வரைக்கும் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? நாளையிலிருந்து மேடை இல்லை, மணி இல்லை, ராஜா இல்லை. அவள் கேட்டதில் என்னால் முடிந்தது அது ஒன்றுதான். அடித்தேன். நன்றாக, நீளமாக, மேடையில் அடிக்கிற மாதிரியே அடித்தேன்.

அந்தப் பக்கம் ரிசீவர் மேசையில் விழுகிற சத்தம் கேட்டது. சின்னச் செருப்புச் சத்தம் தடதடவென்று தூரப் போயிற்று.

“ஏனுங்க, என்ன ஆச்சு? எங்க போறா?”

கணவர் ரிசீவரை எடுக்க நேரமாயிற்று. “ரோட்டத் தாண்டி நம்ம வீட்டுக்கு ஓடிட்டா. கேட்டத் தொறந்து வெச்சுட்டு நின்னு பாத்துட்டு இருக்கறா.”

“ஐஸ்காரன்னு நெனச்சுட்டாளா?”

இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“போய்க் கூட்டிட்டு வாங்க” என்றேன். ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். வரமாட்டேன் என்கிறாள் என்றார். கார்டில் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று அந்த மெஷின் பெண் இடையில் புகுந்து சொன்னாள். “இன்னும் நிக்கறாளா?” என்றேன். “நிக்கறா” என்றார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், லைன் அறுந்துவிட்டது.

ஒன்பதுக்குச் சரியாக மேடையில் இருந்தேன். பெஞ்சுகளைத் துடைத்தேன். பலகையில் எழுதினேன். அன்று முழுக்க ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு மணிதான் அடித்தேன். மூன்றாவதற்குக் கை எழவில்லை. கத்தி அண்ணன் தம்பி திரைக்குப் பின்னால் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைக் கண்டு ஒன்றும் கேட்காமல் தாங்களாகவே ஏறினார்கள். அன்று நேரத்துக்கு இறங்கவும் செய்தார்கள். சாயந்தரம் மணியைச் சாமான் பெட்டியில் வைத்து மூடினேன்.

ஊருக்குப் போயிருக்கலாம். பத்து நாள் லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். திரும்பி வர விசா முத்திரை கிடைக்காமல் மாட்டிக்கொள்வாய், பிராஜெக்ட் போய்விடும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நானும் பயந்தேன். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. போகவில்லை.

அதற்குப் பிறகு மகள் போனுக்கு வரவே இல்லை. ஏழு மணி ஆனால் டீச்சர் வீட்டுக்கு வரமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாளாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று அத்தனை ஞாயிறும் கணவரும் நானும் மட்டும் பேசினோம். அக்டோபரில் கடிகாரத்தை மறுபடி ஒரு மணி பின்னால் தள்ளினார்கள். இந்தத் தடவை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தேன்.

டிசம்பரில் டாலஸ் ஏர்போர்ட்டில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றேன். கணவர் தள்ளுவண்டியோடு வந்தார். அவள் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தூக்கினேன். கனத்தாள். விறைத்தபடியே இருந்தாள், ஆனால் இறங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். என் கைகளைப் பார்த்தாள். கணவர், “அம்மாகிட்டப் பேசு அம்மிணி” என்றார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன்.

காரில் அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டுவிடக் குனிந்தேன். அவள் மூச்சு என் காதில் பட்டது. போனில் கேட்ட அதே மூச்சு. அப்போதுதான் பேசினாள்.

“மூணு மணியும் அடிச்சியேம்மா. நான் கேட்டத் தொறந்து வெச்சிருந்தேன். நீ ஏன் வரல?”

அந்த மேடையில் நான் யாருடைய சாக்கையும் ஏற்றுக்கொண்டதில்லை. விசா, பிராஜெக்ட், சாங்ஷன் என்று என்னிடம் நிறைய இருந்தன.

“லேட்டாயிடுச்சு சாமி” என்றேன்.